வராத படகுக்குப் பந்தயம் இல்லை

எங்கள் துறைமுகக் காபிக்கடையின் சுவரில் பழைய குளிர்பெட்டி ஒன்றின் கதவு மாட்டியிருக்கிறது. கதவு மட்டும்தான். பெட்டி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளை எனாமல் பூசிய கதவு என்பதால் மெழுகுப் பென்சிலால் எழுதிவிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். முப்பத்தோரு வருடமாக அதில் எழுதவும் துடைக்கவும் உரிமை உள்ள ஒரே ஆள் ஆர்டிஸ் நீமி. கடை அவளுடையது. நான் அங்கே சமையல்காரி. பத்தொன்பது வருடமாக அவள் திட்டுகளை வாங்கிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறேன்.

எங்கள் ஊரான கார்வர் துறையில் எதற்கும் பந்தயம் கட்டுவார்கள். நண்டுப் பருவம் எந்தத் தேதியில் திறக்கும், முதல் படகு எத்தனை பவுண்டு கொண்டுவரும், முகத்துவாரத்தில் மணல் வாரும் கப்பல் சொன்ன மாதத்தில் வருமா, புதுப் பாதிரியாரின் பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டுமா. தலைக்கு ஐந்து டாலர். ஜெயித்தவருக்குப் பாதி, பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்குப் பாதி. எங்கள் பள்ளியில் மொத்தமே நூற்றிப் பத்துப் பிள்ளைகள். ஆனால் ஊதுகுழல் எல்லாம் புத்தம்புதிது.

ஆர்டிஸுக்கு அந்தக் கதவைப் படிக்கத் தெரியும். யார் எந்தத் தேதிக்குப் பெயர் கொடுக்கிறார்கள், யார் கொடுத்ததை மாற்றுகிறார்கள் என்று பார்த்தே ஊரில் நடக்கப்போவதைச் சொல்லிவிடுவாள். ஒரு வருடம் மீன்வளத் துறையில் வேலை பார்ப்பவனின் மச்சான் மெல்ல வந்து, தன் பெயரைப் பதினைந்தாம் தேதியிலிருந்து எடுத்து மாதக் கடைசியில் போடச் சொன்னான். அவன் வெளியே போனதும் ஆர்டிஸ் என்னிடம், "நண்டுக்குன்னு எலுமிச்சம்பழம் இப்ப வாங்காத. பருவம் தள்ளிப் போகுது," என்றாள். தள்ளித்தான் போனது.

"வாயி என்ன வேணா சொல்லும், பெர்னி. அஞ்சு டாலர் கையை விட்டுப் போகுதுன்னா மனுஷன் தெரிஞ்சதத்தான் சொல்லுவான்," என்பாள்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. கடலுக்குப் போய் வராத படகு, படுக்கையில் கிடக்கிற ஆள், அடுத்த வீட்டுக் குடித்தனம், இவை கதவில் ஏறக்கூடாது. கிழவர் சோரன்சன் ஒருவர்தான் அந்தச் சட்டத்தோடு மோதிப் பார்த்தார். நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு, சின்ன ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு வந்து ஐந்து டாலரை மேசையில் வைத்தார்.

"என் பேருல மார்ச் மூணு எழுது, ஆர்டிஸ்."

"எதுக்கு?"

"நான் போய்ச் சேர்றதுக்கு."

"ஜெயிச்சா காச யார் கையில குடுக்குறது?"

"நீயே வச்சுக்கோ."

"சரி எழுதுறேன். மார்ச் ரெண்டாம் தேதி நான் உனக்கு சூப் கொண்டுவந்தா குடிப்பியா?"

கிழவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, அது இருமலாகி, நான் ஓடிப்போய் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. "மாட்டேன்," என்றார் மூச்சு வந்ததும். காசைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டார். ஏப்ரல் கடைசிவரை இருந்தார். தினமும் அவள் கொடுத்த சூப்பைக் குடித்தார்.

ஆர்டிஸின் புருஷன் வெண்டெல் அந்தக் கதவில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. வருடா வருடம் நண்டுப் பருவத்துக்கு டிசம்பர் ஒன்று என்றே எழுதச் சொல்வார். டிசம்பர் ஒன்றில் பருவம் திறந்து எத்தனையோ காலமாயிற்று. நண்டு சதை பிடிக்கவில்லை, விலை படியவில்லை என்று ஏதாவது ஒன்று வந்து தள்ளிப்போட்டுவிடும்.

"உனக்குப் புத்தியே வராதாய்யா? அடுப்புல போட்டு எரிக்கிற காசு."

"ஒரு வருஷம் திறக்கும்," என்பார் அவர். அதற்கு மேல் பேசமாட்டார். நெட்டையான, தோள் சற்றுக் கூன் விழுந்த மனிதர். முட்டையைச் சாப்பிடும்போதுகூட ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ஆர்டிஸுக்கு அவரிடம் பிடிக்காத நூறு விஷயங்கள் உண்டு, எல்லாவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். வெண்டெல் கடலில் இருந்தால் வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொல்லித் திட்டுவாள். கூரையில் ஏறிச் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தால், நாலு காசு வருகிற பருவத்தில் வீட்டில் இருக்கிறாரே என்று திட்டுவாள். ஆனால் அவருடைய படகு முகத்துவாரத்துக்குள் நுழைகிற நேரத்தில் அவள் கையில் இருக்கிற பாத்திரத்தைப் பார்க்கவேண்டும். எது இருந்தாலும் அப்படியே நிற்கும், ஒரு சொட்டு சிந்தாது. படகு அலையை ஏறிக் கடந்து துறைக்குள் திரும்பிய பிறகுதான் காபியை ஊற்றுவாள். முப்பத்துநாலு வருடக் குடித்தனத்தில் பாதிக்கு மேல் அவள் அப்படிப் பாத்திரத்தோடு நின்றிருக்கிறாள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை வெண்டெலும் அவருடைய ஆள் கிளீட்டும் 'மார்யாட்டா' படகை எடுத்துக்கொண்டு நண்டுக்கூடுகளைத் தூக்கப் போனார்கள். புதன் மாலை வரவேண்டும். வரவில்லை. வானொலியில் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. வியாழன் காலையில் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் எங்கள் கூரைக்கு மேலாக வடமேற்கே போனது. மத்தியானத்துக்குள் படகின் டீசல் கறையும் ஒரு நண்டுக்கூட்டு மிதவையும் கிடைத்தன. ஆட்கள் கிடைக்கவில்லை. உயிர்காப்பு மிதவைப் படகும் கிடைக்கவில்லை. அதுதான் எல்லோரும் பிடித்துக்கொண்ட கொம்பு. மிதவைப் படகு கிடைக்கவில்லை என்றால் அதில் ஏறியிருக்கிறார்கள். ஏறியிருந்தால், குளிர் தாங்கும் உடையோடு நாலைந்து நாள் தாங்கலாம். போன தலைமுறையில் ஒருவர் ஆறு நாள் தாங்கியிருக்கிறார்.

மகள் காரின் அன்று சாயங்காலம் மினியாப்பொலிஸிலிருந்து வந்து சேர்ந்தாள். காப்பீட்டுக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. எதையும் எண்ணாகப் பார்த்தால்தான் அந்தப் பெண்ணுக்கு நிம்மதி. கடையின் பின் மேசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள்.

"அம்மா, கோவிச்சுக்காத. இது ஒரு சைட். இதுல நம்ம படகப் பத்திப் போட்டிருக்காங்க."

மார்யாட்டாவில் சென்ற இருவரில் ஒருவராவது ஞாயிறு நள்ளிரவுக்குள் உயிருடன் மீட்கப்படுவாரா என்று கேள்வி. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

"இவங்கல்லாம் யாரு?" என்றாள் ஆர்டிஸ்.

"யாரு வேணா. உலகம் பூரா. 'ஆம்'னு ஒரு சீட்டு வாங்கினா, உயிரோட வந்தா அதுக்கு ஒரு டாலர். வரலைன்னா ஒண்ணும் இல்ல. இப்ப அது பதினாலு சென்ட்டுக்குப் போகுது. அப்படின்னா நூத்துக்குப் பதினாலு வாய்ப்புன்னு அர்த்தம்."

நான் தட்டு கழுவுவதை நிறுத்திவிட்டேன். ஆர்டிஸ் கைப்பேசியைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வெக்கங்கெட்டதுங்க," என்றாள். பிறகு, "பதினாலா?" என்றாள். பிறகு, "இது மாறுமா?" என்றாள்.

"நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஏதாவது தகவல் தெரிஞ்சா ஏறும்."

"ஹெலிகாப்டர்ல இருக்கிற பய எவனாவது போடலாமா?"

"போடக்கூடாதும்மா. ஆனா..."

"ஆனா போடுவான்," என்றாள் ஆர்டிஸ். கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

காவல்படைக்காரர்கள் அவளுக்கு எண் எதுவும் சொல்லவில்லை. "தேடிக்கிட்டிருக்கோம்மா," என்பார்கள், அதோடு சரி. எத்தனை சதுர மைல் தேடினோம் என்பார்கள், நம்பிக்கை எவ்வளவு என்று வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தச் சைட் ஒன்றுதான் அவளுக்குப் பதில் சொன்னது. பதினாலு. பிறகு பதின்மூன்று. மறுபடி பதினாலு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்துவாரத்தைப் பார்க்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பதினேழு ஆனது. ஒன்பதரைக்கு இருபத்தைந்து. பத்தரைக்கு முப்பத்தெட்டு.

"பெர்னி!" என்று அவள் கத்தியதில் என் கையிலிருந்த கரண்டி துள்ளி எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. "முப்பத்தெட்டுடி! யாருக்கோ தெரிஞ்சிருக்கு!"

"ஆர்டிஸ்..."

"என்ன ஆர்டிஸ்? நான் முப்பது வருஷமா பாக்குறேன். சும்மா ஏறாது. எவனோ எதையோ பாத்திருக்கான், மேலதிகாரி வெளிய சொல்றதுக்குள்ள போய்க் காச வச்சுட்டான். சிப்பி சூப் வை. மிளகு தூக்கலா. அந்த மனுஷனுக்கு மிளகு இல்லன்னா எறங்காது."

நான் சூப் வைத்தேன். இதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த எண் ஏன் ஏறியது என்று எனக்குத் தெரியும்.

வியாழன் மாலை, மீன் இறக்கும் தளத்தில் நண்டு எடை போடும் லைல் டோபின்தான் ஆரம்பித்தான். அவனும் ஆர்டிஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பதினாலு என்ற எண்ணைப் பார்த்து அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஊரான் நம்ம ஆளுக்குப் பதினாலு போடுறானா?" என்று சொல்லி ஐம்பது டாலருக்கு 'ஆம்' வாங்கினான். தன் மனைவியிடம் சொன்னான். அவள் பாதிரியாரின் மனைவி க்வென்னிடம் சொன்னாள். க்வென் மறுநாள் காலை தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்ற வந்த எல்லோரிடமும் சொன்னாள். மெழுகுவத்தி ஏற்றிய கையோடு அங்கேயே உட்கார்ந்து கைப்பேசியில் ஆளுக்கு இருபது, முப்பது என்று போட்டார்கள். அதுவும் ஒரு பிரார்த்தனை மாதிரித்தான் எங்களுக்குத் தோன்றியது. பிறகு நண்டுப் படகுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நானும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது டாலருக்கு வாங்கினேன். அந்தச் சைட்டில் எங்கள் படகின் மேல் காசு வைத்திருந்தவர்கள் குறைவு. சின்னச் சந்தையில் ஒரே நேரத்தில் அறுபது பேர் நுழைந்து ஒரே சாமானை வாங்கினால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஆர்டிஸ் அதைப் பார்ப்பாள் என்று தெரிந்துதான் செய்தோம். அவள் முகம் கொஞ்சம் தெளியட்டும் என்றுதான். அவள் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்வாள் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளை அத்தனை வருடம் பார்த்திருந்தும்.

அவள் தலை வாரினாள். மாதக்கணக்கில் தொடாத உதட்டுச்சாயத்தை எடுத்துக் கரண்டியின் முதுகில் முகம் பார்த்துப் பூசிக்கொண்டாள். சூப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு காவல்படையின் படகுத்துறைக்குப் போனாள். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. நானும் காரினும் குடையோடு பின்னால் போனோம். அவள் குடைக்குள் வரவில்லை.

"உள்ள வந்து உக்காருங்கம்மா," என்றான் காவலுக்கு நின்ற பையன். "புதுசா ஒண்ணும் இல்லீங்க."

"உனக்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டாங்க தம்பி," என்றாள் அவள், அவன்மேல் இரக்கப்பட்டு.

மத்தியானம் முழுக்க நின்றாள். இடையில் இரண்டு தடவை கைப்பேசியைக் கோட்டுக்குள் மறைத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்று. சிரித்தாள். அவளுடைய பல்லில் உதட்டுச்சாயம் ஒட்டியிருந்தது. அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். "சூப் ஆறிடும்," என்றேன். "ஆறினா சுட வச்சுக்கலாம்," என்றாள்.

மாலையில், அன்று தேடப் போயிருந்த இரண்டு ஹெலிகாப்டர்களும் திரும்பி வந்தன. இறங்கியவர்கள் யாரையும் கொண்டுவரவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் காவல்படை அதிகாரி கடைக்கே வந்தார். முப்பது வயது இருக்கும், தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். தொப்பி கையில் இருந்ததைப் பார்த்ததும் கடையில் கரண்டிச் சத்தம் நின்றது. தேடலை நிறுத்திவைக்கிறோம் என்றார். எத்தனை மணி நேரம், எத்தனை சதுர மைல், தண்ணீர் எவ்வளவு குளிர் என்று எல்லாம் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். தாளைப் பார்த்துப் படிக்கவில்லை.

ஆர்டிஸ் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நேத்து காலைல யாரு என்ன பாத்தாங்க?" என்றாள்.

"புரியலைங்க."

"எட்டுலேர்ந்து பத்தரைக்குள்ள. பதினேழுலேர்ந்து முப்பத்தெட்டு. உங்க ஆளு ஒருத்தன் எதையோ பாத்திருக்கான். பேரு சொல்ல வேணாம், யாரையும் மாட்டி விட மாட்டேன். என்ன பாத்தான்னு மட்டும் சொல்லுங்க. மிதவையா? கைய ஆட்டினாங்களா?"

அதிகாரி காரினைப் பார்த்தார். காரின் தரையைப் பார்த்தாள். மூலை மேசையில் லைல் எழுந்து நின்றான்.

"ஆர்டிஸ், அது அவங்க இல்ல. நாங்க."

"என்ன நீங்க?"

"எண்ண ஏத்தினது. நாங்கதான் வாங்கினோம். நான், க்வென், படகுக்காரங்க எல்லாரும். உனக்காகத்தான்."

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக. கடைசியில் என்னிடம் வந்தாள்.

"நீயுமா?"

"நாப்பது டாலருக்கு," என்றேன். ஏன் தொகையைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"நேத்து என்னை மழையில நிக்க விட்டியே."

அதிகாரி மெல்ல விடைபெற்றுப் போனார். லைல் தொண்டையைச் செருமினான்.

"நாங்க யாரும் அவன் செத்துட்டான்னு கட்டல, ஆர்டிஸ். வருவான்னுதான் கட்டினோம். உன் சட்டம் எங்களுக்குத் தெரியாதா?"

"ஏண்டா லைல், நீ வாங்கினேன்னா எவனோ வித்திருக்கான்ல?"

"ம்."

"நீ அம்பது டாலருக்கு வருவான்னு கட்டினா, எதிர்ல ஒருத்தன் வரமாட்டான்னு கட்டினாத்தான் அது நடக்கும். வியாழக்கிழமை அந்தச் சைட்டுல எம் புருஷன் செத்தா லாபம்னு எத்தனை பேரு இருந்தான்? பத்து? பதினஞ்சு? நீங்க அறுபது பேரு போய் இன்னும் அறுபது பேரக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கீங்க. முந்தாநாள் வரைக்கும் வெண்டெல் பேரே தெரியாதவன்லாம் இன்னிக்கு அவரு வந்துரக் கூடாதேன்னு உக்காந்திருக்கான். இதுக்குத்தான் மெழுகுவத்தி ஏத்தினீங்களா?"

லைல் தொப்பியை மாட்டினான், கழற்றினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "எங்களுக்கும் வேற என்ன செய்யறதுன்னு தெரியலடி," என்றான்.

"எனக்குத் தெரியுமா?" என்றாள் ஆர்டிஸ். அதற்குமேல் அவளாலும் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. "உக்காரு. காபி ஆறிப்போச்சு, வேற தரேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தோம். அவள் வீட்டுச் சமையலறையில் மூன்று பேரும் இருந்தோம். ஊர் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டுத் தட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் துவைக்கும் இயந்திரத்தின் மேலெல்லாம் அடுக்கியிருந்தோம். எண் சனிக்கிழமையே ஆறுக்கு விழுந்து, இரண்டாகி, ஒன்றில் வந்து நின்றிருந்தது.

"நான் கம்பெனில செய்யறதும் இதுதானோன்னு நேத்துலேர்ந்து நினைச்சிட்டிருக்கேன்," என்றாள் காரின். "யாரு எப்பச் சாவாங்கன்னுதான் நாங்களும் கணக்குப் போடுறோம்."

"உங்க கம்பெனிக்காரன், உன் அப்பா உயிரோட இருந்தா சந்தோஷப்படுவான். பணம் குடுக்க வேணாம்ல. அவன் நம்ம பக்கம் உக்காந்து கட்டுறவன்டி," என்றாள் ஆர்டிஸ். "ரெண்டையும் ஒண்ணாப் போடாத." பிறகு கைப்பேசியைத் தட்டி, "இந்த ஒண்ணு மட்டும் ஏன் விழாம நிக்குது?" என்று கேட்டாள்.

காரின் வாயைத் திறந்தாள். நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். நேரம் முடிகிறவரை அந்தப் பக்கத்தில் ஒன்றுக்குக் கீழே எண் கிடையாது, அவ்வளவுதான். உலகமே கைவிட்டாலும் அது ஒன்று என்றுதான் காட்டும்.

"எவனோ ஒருத்தன் இன்னும் விக்க மாட்டேங்குறான்," என்றாள் ஆர்டிஸ். "யாரா இருக்கும்?"

நான் எழுந்து தட்டுகளை நகர்த்தி அடுக்கினேன். வெள்ளிக்கிழமை சொல்லாதது ஒரு தப்பு. இதைச் சொல்லாதது தப்பா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திங்கள் காலையில் பார்த்தபோது பக்கம் மூடப்பட்டிருந்தது. 'முடிவு: இல்லை' என்று பச்சையில் எழுதியிருந்தது. கீழே காசு வைத்தவர்கள் பேசிக்கொள்கிற இடம் மட்டும் திறந்திருந்தது. காரின் அதைக் காட்டவேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆர்டிஸ் விரலால் தள்ளித் தள்ளி அங்கே போய்விட்டாள். பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள் பாவம் என்று எழுதியிருந்தார்கள். ஒருவன், வெள்ளிக்கிழமை யாரோ முட்டாள்கள் விலையை ஏற்றிக் கொடுத்தார்கள், தண்ணீர்க் குளிரைக் கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு இது சும்மா வந்த காசு என்று எழுதியிருந்தான். பெயர் 'நீல ஓணான்'.

"ஓணானா? பெத்தவ வச்ச பேரா அது?"

"முகமூடிப் பேரும்மா. விடு."

"இவனுக்கு எழுத முடியுமா?"

"எதுக்கும்மா? திட்டினா இன்னும் பத்துப் பேரு வந்து சிரிப்பான்."

"திட்டல. நான் சொல்றத அப்படியே அடி."

காரின் அடித்தாள். நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். 'நான் வெண்டெல் நீமியின் மனைவி. நீங்கள் கணக்குப் போட்டது சரியாக இருக்கலாம். அவரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் பந்தயத்துக்குத் தேதி இருந்தது, எனக்கு இல்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். பின்னால் எப்போதாவது அவர் வந்துவிட்டால், ஜெயித்த காசைத் திருப்பித் தருவீர்களா?'

காரின் அழுதுகொண்டே அனுப்பினாள். ஆர்டிஸ் அழவில்லை. ஊர் கொண்டுவந்த பன்றி இறைச்சித் தட்டை எடுத்து, யார் வீட்டுத் தட்டு என்று அடியில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். "உப்பே இல்லாம செஞ்சிருப்பா," என்று மூடி வைத்தாள்.

பதில் பதினோரு மணிக்கு வந்தது. அவன் முன்பு எழுதியதை அழித்திருந்தான்.

'அம்மா, மன்னியுங்கள். குடும்பத்தார் இங்கே வந்து படிப்பார்கள் என்று நினைக்கவில்லை. நூற்றுத் தொண்ணூறு டாலர் ஜெயித்தேன். அவர் வந்தால் கண்டிப்பாகத் தருகிறேன். இப்போதே வேண்டுமென்றாலும் அனுப்புகிறேன்.'

"இப்ப வேணாம்," என்றாள் ஆர்டிஸ் உடனே. "இப்ப வேணாம்னு அடி. வந்தப்புறம்தான்."

காரின் அடித்தாள்.

"சும்மா சொல்றான்மா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒரு மாசத்துல மறந்துருவான்."

"மறக்கட்டும். இன்னிக்கு மறக்கல இல்ல?" ஆர்டிஸ் நாற்காலியைக் கைப்பேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அந்த நாலு வரியை மறுபடி படித்தாள். 'அவர் வந்தால்' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. தேடல் நின்றதிலிருந்து அந்தச் சொல்லை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊரில் சனிக்கிழமையிலிருந்து எல்லோரும் வெண்டெல் அப்படி இருந்தார், இப்படி இருந்தார் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

"அவனுக்கு நம்ம விலாசம் தெரியுமா?" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அப்புறம் அவரு வந்தா காச எங்க அனுப்புவான்? விலாசத்த அனுப்பு. கடை விலாசம் வேணாம், வீட்டு விலாசம். தெரு நம்பரச் சரியாப் போடு. போனவாட்டி உன் கிறிஸ்துமஸ் பொட்டலம் அடுத்த தெருவுக்குப் போயிடுச்சு."

காரின் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் வீட்டு எண்ணிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். ஆர்டிஸ் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள்.